காய்ச்சல் போயிடுச்சு, கிருமி போகலை: இதய வால்வு தொற்றுக்கு ஏன் ஆறு வாரம் ஊசி?

இப்படி வைத்துக்கொள்வோம். நெய்வேலியில் ஒருவருக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் இரண்டு நாள் நிற்கிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. கடைசியில் எக்கோ எடுத்துப் பார்த்தால் இதய வால்வில் கிருமித் தொற்று. நாலு முதல் ஆறு வாரம் வரை நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். ஒரு வாரத்தில் காய்ச்சல் நிற்கிறது, பசியும் எடுக்கிறது. அப்போது வீட்டில் ஒரு கேள்வி எழும்: "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு அஞ்சு வாரம்?"

நியாயமான கேள்விதான். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு ஆறு வாரம் என்றால் ஆறு வாரக் கூலி போச்சு. கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் சேர்ந்து போகும். புதுச்சேரி ஜிப்மருக்கோ, சிதம்பரத்துக்கோ, சென்னைக்கோ போய்வரும் செலவு தனி. அதனால் "எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடலாமா?" என்று யோசிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் வால்வில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவிடம் இருக்கிறது. ஆபத்து வரும்போது அது தனக்குள்ளேயே ஒரு அபாய சிக்னல் கொடுத்துக்கொண்டு, வேலைகளை எல்லாம் குறைத்துப் பதுங்குகிறது. ஆறு வாரம் தேவைப்படுவதற்கு இந்தப் பதுங்கல் ஒரு முக்கியக் காரணம். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

வால்வில் எப்படிக் கிருமி குடியேறுகிறது?

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. ஆரோக்கியமான வால்வின் மேற்பரப்பு வழவழப்பானது. கிருமிகள் அதில் சுலபமாக ஒட்டாது. பிரச்சினை, வால்வு ஏற்கெனவே பழுதாகி இருக்கும்போதுதான்.

நம் நாட்டில் அந்தப் பழுதுக்கு ஒரு பெரிய காரணம் ருமாட்டிக் இதய நோய். சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை வலி வரும். சில குழந்தைகளுக்கு அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கத்துடன் ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போகும். இது தவிர பிறவியிலேயே இதயக் குறை உள்ளவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள், வயதாகி வால்வு தடித்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து உண்டு.

பழுதான இடத்தில் ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் சேர்ந்து சின்னதாக ஒரு படிவை உண்டாக்கும். பல் ஈறிலிருந்தோ, தோலில் உள்ள புண்ணிலிருந்தோ, டயாலிசிஸ் குழாய் வழியாகவோ ரத்தத்தில் நுழையும் பாக்டீரியா இந்தப் படிவில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னும் ஃபைப்ரின், இன்னும் தட்டணுக்கள். கொஞ்ச நாளில் வால்வில் ஒரு கிருமித் திட்டு வளர்ந்துவிடும். மருத்துவர்கள் இதை வெஜிடேஷன் என்பார்கள். நோயின் பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டிடிஸ்.

இந்தத் திட்டில் ஒரு கிராமுக்கு நூறு கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கலாம். வால்வு இதழுக்கென்று ரத்தக் குழாய்கள் பெரிதாகக் கிடையாது. அதனால் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உள்ளே போய்ச் சண்டை போடுவது கடினம். திட்டிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். வால்வு ஓட்டையானால் இதயச் செயலிழப்பு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் மூன்று முதல் பத்து பேருக்கு வரும் அரிய நோய்தான் இது. ஆனால் வந்தால், இன்றைய சிகிச்சை இருந்தும் ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறார்.

கிரிட்டில் ஃப்ரீக்வென்சி விழுந்தால் என்ன நடக்கும்?

அபாய சிக்னல் என்றால் என்ன? நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மின் கிரிட்டின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். உற்பத்தியைவிடத் தேவை அதிகமானால் அது கீழே இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் ரிலேக்கள் வேலை செய்து சில ஃபீடர்களைத் துண்டிக்கும். சில ஊர்களில் கரண்ட் போகும். ஆனால் மொத்த கிரிட்டும் விழாமல் தப்பிக்கும்.

பாக்டீரியாவும் இதையேதான் செய்கிறது. அதன் உடலில் அதிக ஆற்றலை விழுங்கும் வேலை, புதிய புரதங்களைத் தயாரிப்பது. அதற்கான தொழிற்சாலைகள்தான் ரைபோசோம்கள். புரதம் செய்யத் தேவையான அமினோ அமிலம் தீர்ந்துபோனால் ரைபோசோம் பாதியில் நிற்கும். அப்படி நிற்பதை ஒரு நொதி கண்டுபிடித்து, உடனே ஒரு சின்ன ரசாயனத்தைத் தயாரித்துக் கொட்டுகிறது. அதுதான் ரிலே. புதிய ரைபோசோம் கட்டும் வேலை நிற்கிறது. செல் பிரிவது மந்தமாகிறது. இருக்கிற சரக்கு பழுது பார்ப்பதற்கும் உயிர் தாங்குவதற்கும் திருப்பி விடப்படுகிறது.

இந்த ரசாயனத்தை 1969இல் மைக்கேல் கேஷல், ஜோனதன் கேலன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பட்டினி போட்ட ஈ.கோலை பாக்டீரியாவின் ரசாயனங்களைப் பிரித்துப் பார்த்தபோது, சாதாரணமாக இல்லாத இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அவற்றுக்கு வேடிக்கையாக 'மேஜிக் ஸ்பாட்' என்று பெயர் வந்தது. குவானோசின் டெட்ராபாஸ்பேட், பென்டாபாஸ்பேட் என்பவை அவற்றின் முறையான பெயர்கள். அலாரம் அடிக்கும் மூலக்கூறு என்பதால் பொதுவாக அலார்மோன் என்பார்கள்.

தூங்குகிறவனைத் தொடாத மருந்து

சரி, பாக்டீரியா பட்டினியில் பதுங்கினால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல்.

பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கின்றன. வளரும் பாக்டீரியா சுவர் கட்டியே ஆக வேண்டும். மருந்து குறுக்கே வந்தால் சுவர் பலவீனமாகி வெடித்துச் சாகும். ஆனால் கட்டுமானத்தையே நிறுத்திவிட்ட பாக்டீரியாவிடம் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? வேலை நடக்காத சைட்டில் சிமென்ட் மூட்டையைத் திருடினால் அன்றைக்கு யாருக்கும் நஷ்டம் தெரியாது. அந்த மாதிரிதான்.

1944இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிகர் இதைக் கண்ணாரப் பார்த்தார். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளின் மேல் தாராளமாகப் பென்சிலின் ஊற்றியும், கிட்டத்தட்ட பத்து லட்சத்தில் ஒன்று சாகாமல் இருந்தது. அவற்றை எடுத்து வளர்த்தால், அடுத்த தலைமுறை பழையபடி பென்சிலினுக்குச் செத்தது. அதாவது மரபணு மாறவில்லை. அந்த நேரத்தில் சில கிருமிகள் மந்தமாக இருந்தன, அவ்வளவுதான். அவற்றுக்கு 'பெர்சிஸ்டர்' என்று பெயர் வைத்தார் பிகர்.

மருந்துக்கு அடங்காத கிருமி என்று நாம் அடிக்கடி கேள்விப்படுவது வேறு கதை. அந்தக் கிருமி மருந்து இருக்கும்போதே வளரும். ஆய்வகப் பரிசோதனையில் 'ரெசிஸ்டன்ட்' என்று காட்டிவிடும். பெர்சிஸ்டர் வளராது, சாகவும் சாகாது. ஆய்வக ரிப்போர்ட்டில் 'சென்சிடிவ்' என்றுதான் வரும். மருந்தை நிறுத்தும் வரை காத்திருந்து, பிறகு எழுந்து வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நூறு கோடி கிருமியில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்றால் ஆயிரம் கிருமி. நெரிசல் மிகுந்த திட்டின் உள்ளே உணவு குறைவு, வளர்ச்சி மந்தம். பதுங்கியவர்களின் எண்ணிக்கை அதைவிடக் கூடவே இருக்க வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் மிதக்கும் கிருமிகள் முதல் சில நாட்களில் செத்துவிடுகின்றன. அதனால் காய்ச்சல் நிற்கிறது. திட்டின் உள்ளே இருப்பவை அப்படியே இருக்கின்றன.

1940களில் இந்த நோய்க்குப் பென்சிலின் கொடுக்கத் தொடங்கியபோதே இந்தப் பாடம் கிடைத்தது. அதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. குறைந்த அளவில், குறைந்த நாட்கள் மருந்து கொடுத்தபோது காய்ச்சல் குறைந்தது. நிறுத்தியதும் பலருக்குத் திரும்பி வந்தது. அளவைக் கூட்டி, வாரக்கணக்கில் கொடுத்தபோதுதான் உண்மையான குணம் கிடைத்தது.

இதயத் தொற்றில் இதற்கு ஆதாரம் உண்டா?

குடலில் சாதாரணமாக வாழும் என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி, இதய வால்வைத் தாக்கும் முக்கியக் கிருமிகளில் ஒன்று. இதை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. அலார்மோன் தயாரிக்கும் மரபணுக்களை நீக்கினால், வான்கோமைசின் என்ற வலுவான மருந்தைத் தாக்குப்பிடிக்கும் திறன் இந்தக் கிருமிக்குக் குறைகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. 2014இல், முயல்களின் தோலுக்கு அடியில் உண்டாக்கிய தொற்றில் இந்தக் கிருமியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தபோது, அது பட்டினி அலாரம் அடித்த நிலையில்தான் இருந்தது தெரிந்தது.

இன்னொரு நெருக்கடி மாங்கனீசு. நம் உடல் கிருமிக்கு எதிராகச் செய்யும் தந்திரங்களில் ஒன்று, இரும்பு, மாங்கனீசு போன்ற தாதுக்களை அதன் கைக்கு எட்டாமல் ஒளித்து வைப்பது. கிருமியோ கிடைக்கிற துளியையும் உறிஞ்ச விசேஷப் புரதங்களை வைத்திருக்கிறது. என்டெரோகாக்கஸிடமிருந்து இந்த உறிஞ்சும் வழிகள் மூன்றையும் அடைத்துவிட்டால், முயல்களின் இதய வால்வில் அது வலுவிழந்துவிடுகிறது என்று 2018இல் காட்டினார்கள். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் கிருமியிலும் இதே மாதிரியான முடிவு முன்பே வந்திருந்தது. வால்வு கிருமிக்கு வசதியான வீடில்லை. அங்கே அது நெருக்கடியைச் சமாளித்துத்தான் பிழைக்கிறது.

மூன்றாவது, செல் உறையைக் காக்கும் அலாரம். தட்டணுக்கள் ரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்காமல், கிருமியின் உறையைத் துளைக்கும் சிறு புரதங்களையும் வெளியிடுகின்றன. டாப்டோமைசின் என்ற மருந்தும் அதே உறையைத்தான் தாக்குகிறது. என்டெரோகாக்கஸில் 'லியா' என்ற பெயரில் ஒரு காவல் அமைப்பு இருக்கிறது. உறையில் தாக்குதல் விழுந்ததும் அது விழித்துக்கொண்டு உறையின் கொழுப்பு அமைப்பை மாற்றுகிறது. செல் இரண்டாகப் பிரியும் முக்கியமான இடத்தில் போய் உட்கார வேண்டிய மருந்து, வேறு இடத்துக்குத் திசை திருப்பப்படுகிறது.

அமெரிக்காவில் செசார் அரியாஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் ஒரே நோயாளியிடமிருந்து டாப்டோமைசினுக்கு முன்பும் பின்பும் எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மாறியிருந்தவற்றில் ஒன்று இந்த லியா அமைப்பைச் சேர்ந்தது. அதாவது, தற்காலிகமாக அடிக்க வேண்டிய அலாரம், மரபணு மாற்றத்தால் நிரந்தரமாகவே 'ஆன்' ஆகிவிடலாம். பதுங்கிப் பிழைத்த கிருமிக்கு நாம் அவகாசம் கொடுத்தால் அது உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம் என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை.

இந்த அலாரங்களை அடைக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளியின் படுக்கை வரை வரவில்லை. அதுவரை நம்மிடம் இருக்கும் ஆயுதங்கள் மூன்று: சரியான மருந்து, போதுமான அளவு, போதுமான நாட்கள். சில கிருமிகளுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், சிலருக்கு அறுவை சிகிச்சையில் திட்டையே எடுத்துவிடுவதும் இதன் தொடர்ச்சிதான்.

நாள் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது?

பலர் கவனிக்காத ஒரு விஷயம். ஆரம்பத்தில் ரத்தத்தில் கிருமி இருந்தால், ஆறு வாரம் என்பது அட்மிட் ஆன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. ரத்தத்தில் கிருமி இல்லை என்று பிளட் கல்ச்சர் காட்டும் முதல் நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. அதனால்தான் "வந்து ஆறு வாரம் ஆச்சே, ஏன் இன்னும் விடலை?" என்ற குழப்பம் வருகிறது. நாட்களும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மருந்துக்கு எளிதில் அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சொந்த வால்வில் இருந்தால் நான்கு வாரம் போதுமானதாக இருக்கும். செயற்கை வால்வு என்றால் பொதுவாக ஆறு வாரம் அல்லது அதற்கு மேல்.

ஆறு வாரமும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கணுமா?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சென்னைப் பதிப்பு உண்டு. மெதுவாக வளரும், பதுங்கிக் கிடக்கும் கிருமி என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது காசநோய். நீண்ட சிகிச்சை அங்கேயும் தேவைப்படுகிறது. காசநோய்க் கிருமியின் உறவினரான மைக்கோபாக்டீரியங்களில் இதே அலார்மோனைப் பற்றிப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் திபங்கர் சாட்டர்ஜியின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது.

நெய்வேலி நிறுவனம் தொடங்கிய அதே 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதையும், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிடுவதையும் 193 நோயாளிகளை வைத்து அந்த மையம் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது: ஓராண்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறைந்ததல்ல. முக்கியம் படுக்கை அல்ல, விடாமல் மருந்து.

இதய வால்வு தொற்றில் இதே மாதிரியான கேள்வியை டென்மார்க் கேட்டது. 'போயட்' என்ற ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. இதயத்தின் இடது பக்க வால்வில் தொற்று வந்து, நிலை சீரான 400 பேர் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் முதலில் குறைந்தது பத்து நாள் நரம்பில் மருந்து. பிறகு பாதிப் பேருக்கு ஊசியே தொடர்ந்தது; மீதிப் பேருக்கு மாத்திரை, அதுவும் இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்து. இறப்பு, திட்டமிடாத இதய அறுவை சிகிச்சை, துண்டு பிய்ந்து அடைப்பது, கிருமி திரும்ப வருவது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசிக் குழுவில் 12.1 சதவீதம் பேருக்கும், மாத்திரைக் குழுவில் 9 சதவீதம் பேருக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தது. மாத்திரை மோசமில்லை என்பது முடிவு. 2023இல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டுதலும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இந்த வழியை ஏற்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வு நாட்களைக் குறைக்கவில்லை. மருந்து போகும் வழியை மட்டும்தான் மாற்றியது. ஆகவே வேலை, செலவு காரணமாக ஆஸ்பத்திரியில் இருக்க முடியாது என்றால், எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதைவிட, "மீதி நாட்களுக்கு வீட்டிலிருந்தபடி மருந்து எடுக்க என் நிலைமை இடம் கொடுக்குமா?" என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. சிலருக்கு முடியாது என்றுதான் பதில் வரும். சிலருக்கு முடியலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்னென்ன செலவு அடங்கும் என்பதையும் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை வாரம் என்று முடிவு செய்ய முடியும். அதைச் சொல்வது பிளட் கல்ச்சர். வெவ்வேறு இடங்களில் குத்தி, பொதுவாக மூன்று முறை ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.

காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போடும் பழக்கம் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. அந்த ரெண்டு நாள் மருந்து, வால்வில் உள்ள திட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தத்தில் மிதக்கும் கிருமிகளை அடக்கிவிடும். கல்ச்சரில் 'கிருமி இல்லை' என்று வரும். நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்; கண்டுபிடித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் ஊகத்தில் மருந்து கொடுக்க வேண்டி வரும்.

யார் உஷாராக இருக்கணும்?

செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே ஒருமுறை இந்தத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள். இவர்கள் பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியிருக்கும்; பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ருமாட்டிக் வால்வு நோய் உள்ளவர்கள் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை விடக்கூடாது. ஒவ்வொரு முறை தொண்டைத் தொற்று வரும்போதும் வால்வு இன்னும் பழுதாகும் அபாயம் இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி.

தினமும் பல் துலக்குவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஈறு கெட்டிருந்தால், மெல்லும்போதும் துலக்கும்போதும்கூடக் கிருமி ரத்தத்தில் நுழையும். எப்போதாவது ஒருமுறை பல் பிடுங்குவதைவிட, தினம் தினம் நடக்கும் இந்தச் சின்னக் கசிவே மொத்தத்தில் அதிகம்.

வால்வுப் பிரச்சினை உள்ளவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, புதிதாக மூச்சுத் திணறல் இருந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இது: "எனக்கு வால்வுல பிரச்சினை இருக்கு. மாத்திரை எதுவும் இன்னும் போடலை. பிளட் கல்ச்சர் எடுக்கணுமா?"